கடிக்கிற குதிரையை விற்பதற்கு முன் அதன் பிடரியைப் பிரித்துப் பாருங்கள்

குதிரைக் கடி நாய்க்கடி மாதிரி இருக்காது. நாய் பல்லை இறக்கிக் கிழிக்கும். குதிரைக்கு முன்வாயில் மேலே 6, கீழே 6 என்று பட்டையான வெட்டுப்பற்கள், புல்லை நறுக்குவதற்காக இருப்பவை. கடித்தால் சதையைக் கவ்வி நசுக்கும். போன ஐப்பசியில் என் இடது புஜத்தில் அப்படித்தான் ஆனது. மேல்தோல் ஓரிரு இடத்தில்தான் பிய்ந்திருந்தது, ஆனால் உள்ளே ரத்தம் கட்டி முழங்கை வரைக்கும் கருநீலமாகிவிட்டது. கையைத் தூக்கித் தலை வார முடியாமல் பல வாரம் அவதிப்பட்டேன். வலியைவிட மனசுதான் அதிகமாக நொந்தது. கடித்தது ஏதோ ஊர் பேர் தெரியாத குதிரை இல்லை. நான் தினமும் கொள்ளு வேகவைத்துப் போட்டு, பக்கத்திலேயே நின்று தின்ன வைத்த என் பவானி.

எங்களுக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் வயல். வீட்டுக்காரர் லாரி எடுத்துக்கொண்டு வடக்கே போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். சின்ன வயசிலிருந்தே அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுக்கு அப்பாவோடு போய், சந்தையில் கட்டியிருக்கும் குதிரைகளைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். ஒரு நாள் எனக்கென்று ஒன்று வாங்க வேண்டும் என்ற ஆசை அப்போதே விழுந்துவிட்டது. அதே சந்தையில்தான் 1,10,000 ரூபாய் கொடுத்து இந்தக் காட்டியவாரிப் பெட்டையை வாங்கினேன். குஜராத்தில் சௌராஷ்டிரப் பக்கத்து இனம். காது நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும், அந்த அழகுக்கே பேர்போனது. கூட வந்தவர்கள் சுழி பார்த்தார்கள், நடை பார்த்தார்கள், பல்லைப் பார்த்து ஆறு வயசு என்றார்கள். பிடரியை ஒட்டக் கத்தரித்து, வாலைப் பின்னி, எண்ணெய் தடவிப் பளபளவென்று நிறுத்தியிருந்தார்கள். ஆடி, ஆவணி முழுக்க அத்தனை சாது. வயலில் தண்ணீர் நின்று, சாயங்கால மழையும் பிடித்துக்கொண்ட பிறகுதான் எல்லாம் மாறியது. பிரஷ் போடப் போனால் காதைப் பின்னால் மடிக்கும், வாலைச் சுழற்றி அடிக்கும், மூக்கைச் சுருக்கும். அப்புறம் சட்டையைக் கவ்வ ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் சேணத்தின் வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது அப்படியே திரும்பிப் புஜத்தைப் பிடித்துவிட்டது.

கடி வாங்கியவர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு ஒருத்தரும் சரியாகச் சொல்லவில்லை. முதலில் போன ஆஸ்பத்திரியில் டிடி ஊசி போட்டு, களிம்பு தடவி, குதிரைக்கெல்லாம் வெறிநோய் வராது என்று அனுப்பிவிட்டார்கள். அது தப்பு. வெறிநோய் பாலூட்டி எதற்கும் வரும், குதிரைக்கும் வரும். மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாதான் உட்காரவைத்து விளக்கினார். கடித்த உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். தோல் பிய்ந்திருந்தால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். தோலுக்குள் போடும் ஊசியை முதல் நாள், பிறகு 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுகிறார்கள், அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்கலாம் என்று ஊரில் சொல்வது நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான் பொருந்தும், குதிரைக்கு அந்தக் கணக்கு இல்லை. விரலிலோ மணிக்கட்டிலோ கடித்திருந்தால் மோதிரம், வளையலை உடனே கழற்றிவிடுங்கள், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. மேலே காயம் சின்னதாகத் தெரிந்தாலும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள், நசுக்கின கடியில் எலும்பு விரிசல் விட்டிருக்க வாய்ப்புண்டு.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் மோசம். பார்க்க வந்தவர்கள் எல்லாரும், பொம்பளைக்கு எதுக்குக் குதிரை, கடிச்சுப் பழகினது மாறாது, பாதி விலைக்காவது தள்ளிவிடு என்றார்கள். மாமியார் பேரப்பிள்ளைகளைக் கொட்டகைப் பக்கமே விடவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. எனக்கே லாயத்துக்குள் போகும்போது நெஞ்சு படபடக்கும், தீவனத் தொட்டியைத் தூரத்திலிருந்தே தள்ளிவிட்டு வந்துவிடுவேன். சேணம் அழுத்துவதால் கடிக்கலாம் என்று ஒருத்தர் சொல்ல, 18,000 ரூபாய்க்குப் புதுச் சேணம் வந்தது. குதிரை பழக்குகிறவர் என்று ஒருவர் 15,000 வாங்கிக்கொண்டு வந்தார். கடிக்க வந்தால் மூக்கில் அடி, அதுதான் அவர் வைத்தியம். அவர் போவதற்குள் பவானி, கையைத் தூக்கினாலே தலையை வெடுக்கென்று மேலே எறிகிற குதிரையாகிவிட்டது. முன்பாவது கடிக்கும் முன்னால் காதை மடித்து எச்சரிக்கும். அடி வாங்கிய பிறகு அந்த எச்சரிக்கையும் போய்விட்டது, சும்மா நின்றுகொண்டே இருந்து சட்டென்று வாய் வைக்கும். குதிரை வைத்திருக்கிற எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன், முகத்தில் அடிக்கவோ அடிக்க விடவோ செய்யாதீர்கள். கடி நிற்காது, எச்சரிக்கை மட்டும்தான் நிற்கும்.

வழி காட்டியவர் ஒரு பெரியவர். அந்தக் காலத்தில் ஜட்கா ஓட்டியவர், இப்போது எண்பதை நெருங்குகிறார். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டுத் தானாகவே வந்தார். வந்தவர் குதிரைக்குப் பக்கத்தில் போகவே இல்லை, வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "அம்மிணி, எங்க தொட்டாத் திரும்புது, எங்க தொட்டாச் சும்மா நிக்குதுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார். "எங்க தொட்டாலும் வருதுங்கய்யா" என்றேன். "அப்படி இருக்காதுங்க" என்று எழுந்து, தோள்பட்டைப் பக்கமாக நின்று, கழுத்தின் நடுப்பகுதியில் கையை வைத்தார். நின்றது. முன்காலைத் தடவினார், நின்றது. பிடரி ஓரத்துக்குக் கை போனதும் காது மடிந்தது. வயிற்றின் அடிக்கோட்டுக்குப் போனதும் பல் வந்தது. கத்தரித்து வளர ஆரம்பித்திருந்த பிடரி மயிரை விலக்கிக் காட்டினார். தோல் தடித்து மடிப்பு மடிப்பாக இருந்தது, பொடுகு உதிர்ந்தது, இடையிடையே பொருக்குத் தட்டின புண். வால் அடியில் மயிர் முறிந்து நின்றது. வயிற்றுப் பட்டை உட்காருகிற இடத்தில் ரத்தக் கசிவு. "அழகுக்குக் கத்தரிச்சது இல்லீங்க இது. தேய்ச்சுத் தேய்ச்சு உதுந்துபோக, மிச்சத்த ஒட்ட வெட்டி வித்திருக்காங்க" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. அந்தப் புண்ணின் மேல்தானே இத்தனை நாள் பட்டையை இறுக்கியிருக்கிறோம்.

கால்நடை மருத்துவர் பார்த்ததும் பூச்சிக்கடி ஒவ்வாமை என்றார், ஆங்கிலத்தில் ஸ்வீட் இட்ச் என்பது. காரணம் கியூலிகாய்ட்ஸ் என்ற பூச்சி. 1 முதல் 3 மில்லிமீட்டர்தான் நீளம், சாதாரணக் கொசுவலைக் கண்ணுக்குள் புகுந்துவிடும். சேற்றிலும் ஈரச் சாணத்திலும் முட்டையிடும், விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும்தான் அதிகமாகக் கடிக்கும். பெண் பூச்சி மட்டுமே ரத்தம் குடிக்கிறது, அதன் எச்சிலில் இருக்கிற புரதம் சில குதிரைகளின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் அரிப்பாகிறது. பக்கத்துக் குதிரைக்குத் தொற்றாது. ஆனால் ஒரு தடவை இந்த ஒவ்வாமை வந்துவிட்டால் ஒவ்வொரு பூச்சிப் பருவத்திலும் வரும், வேரோடு போகாது. ஐஸ்லாந்தில் நெடுங்காலம் இந்தப் பூச்சியே இல்லை, அங்கே பிறந்த குதிரைகளை ஐரோப்பாவின் மற்ற நாடுகளுக்குக் கொண்டுபோனால் நிறையக் குதிரைகளுக்கு இந்த அரிப்பு வருகிறது என்றும் அவர் சொன்னார். வறண்ட சீமை இனத்தை வாய்க்கால் கரையில் கட்டியிருக்கிறேனே என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இது பரம்பரையாகவும் வரும் என்பதால் குட்டி எடுக்க வேண்டாம் என்றார். ஒரு குட்டி ஓடி விளையாடுவதைப் பார்க்கத்தான் நான் பெட்டையாக வாங்கினேன். அந்த ஏமாற்றம் இன்னும் ஆறவில்லை.

பூச்சி என்றால் அரிப்போடு முடிந்துவிடாது என்பதையும் அன்று தெரிந்துகொண்டேன். பவானி இளைத்துக்கொண்டே வந்ததால் ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் பூசிப் பார்த்தார்கள், சர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோய் இருக்கிறதா என்று. பெரிய குதிரை ஈ ஒரு குதிரையின் ரத்தத்தைக் குடித்துவிட்டு உடனே அடுத்ததைக் கடிக்கும்போது டிரிபனோசோமா என்ற ஒட்டுண்ணியைக் கொண்டுபோய்விடும். 1880-இல் கிரிஃபித் எவான்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர் அன்றைய பஞ்சாபில் குதிரைகள், ஒட்டகங்கள் ரத்தத்தில் கண்டுபிடித்தது இதைத்தான். விட்டு விட்டுக் காய்ச்சல், ரத்தசோகை, காலிலும் அடிவயிற்றிலும் வீக்கம், நன்றாகத் தின்றும் உடம்பு வற்றுவது என்று வரும். கவனிக்காவிட்டால் குதிரை செத்துப்போகும், நேரத்தில் கண்டுபிடித்தால் மருந்து உண்டு. பவானிக்கு அது இல்லை என்று தெரிந்த பிறகுதான் அன்று நான் சாப்பிட்டேன். உங்கள் குதிரை சோர்ந்து அடிவயிறு வீங்கினால் வீட்டு வைத்தியத்தில் ஒரு நாள்கூடக் கடத்தாதீர்கள்.

இன்னொன்று, இந்தப் பதிவில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. பூச்சிக்கு என்று கேட்டதும் ஒரு மருந்துக் கடையில் மாட்டு உண்ணிக்குத் தெளிக்கிற மருந்தை எடுத்துக் கொடுத்தார்கள். நல்லவேளை, பாட்டிலில் இருந்த பெயரை டாக்டருக்குப் போனில் படித்துக் காட்டினேன். அமிட்ராஸ். மாட்டுக்கு அது வழக்கமான மருந்துதான். குதிரைக்குப் பட்டால் குடல் அசைவு நின்று, சாணம் இறுகி, வயிற்று வலியில் உயிரே போகலாம். மாட்டுக்கு ஆனது குதிரைக்கும் ஆகும் என்று நம் பக்கம் எல்லாரும் நினைக்கிறோம், ஆனால் இரண்டின் வயிறும் வேறு. பெர்மெத்ரின், சைபர்மெத்ரின் வகை மருந்தைத்தான் டாக்டர் சொன்ன அளவில் தண்ணீர் கலந்து, புண் இல்லாத இடத்தில் துடைத்துவிடுகிறேன். வேப்பெண்ணெயை அப்படியே பூசினால் சில குதிரைக்குத் தோல் எரியும். தேங்காயெண்ணெயில் கொஞ்சமாகக் கலந்து, ஒரு சின்ன இடத்தில் தடவி ஒரு நாள் பார்த்த பிறகு பூசுங்கள். அரிப்பு அடங்க ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், அது கேட்டது. ஆனால் அதிகமானால் குளம்புக்குள் அழற்சி வந்து குதிரை நிற்கவே முடியாமல் போகும் ஆபத்து இருக்கிறது. ஊசி நன்றாகக் கேட்கிறதே என்று நாமாகக் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்கக் கூடாது.

உண்மையில் பவானியைத் தேற்றியது மருந்தைவிடத் துணியும் காற்றும்தான். ஈரோட்டில் மெல்லிய காடாத் துணி எடுத்து, கழுத்து, முதுகு, வயிற்றின் அடி, வால் அடி எல்லாம் மூடுகிற மாதிரி தையல்காரரிடம் போர்வை தைத்தேன். மாற்றிப் போட இரண்டு. துணியும் கூலியும் சேர்த்து 2,500-க்குள் முடிந்தது. பொழுது சாயும் முன்னால் போட்டு, வெயில் ஏறினதும் எடுத்துவிடுவேன், இல்லாவிட்டால் வேர்வையில் வேறு புண் வரும். வரி போட்ட துணி கிடைத்தால் அதையே எடுங்கள். 2019-இல் வெளியான ஆய்வு ஒன்றில், இங்கிலாந்தில் குதிரைகளுக்கு வரிக்குதிரை மாதிரி கறுப்பு வெள்ளைக் கோட்டுப் போர்வை போட்டுப் பார்த்தார்கள். குதிரை ஈ அதில் உட்காருவது வெகுவாகக் குறைந்தது, மூடாத தலையில் மட்டும் எப்போதும்போல உட்கார்ந்தது. கியூலிகாய்ட்ஸ் பலமில்லாத பூச்சி, காற்றடித்தால் பறக்க முடியாது. அதனால் லாயத்தில் ஒரு பெரிய மின்விசிறியைக் குதிரை வாய்க்கு எட்டாத உயரத்தில், வயரைக் குழாய்க்குள் விட்டு மாட்டினேன். கட்டுகிற இடத்தையும் வாய்க்கால் ஓரத்திலிருந்து மேட்டுப் பக்கம் மாற்றினேன். செலவே இல்லாத இந்த ஒரு மாற்றத்தில் தெரிந்த வித்தியாசம் எனக்கே நம்ப முடியவில்லை.

கால் கீழ்ப்பகுதியில் கடித்துக் குதிரையை உதைத்துக்கொண்டே இருக்க வைக்கிற கொட்டகை ஈ, மூத்திரம் நனைந்த வைக்கோலில் பெருகுகிறது. அதனால் படுக்கை வைக்கோலைத் தினமும் அள்ளி, குப்பைக் குழியில் போட்டுத் தார்ப்பாய் மூடுகிறேன். நொச்சி, வேப்பிலை மூட்டம் போடுவது நம் வழக்கம், பூச்சியும் கொஞ்சம் விலகும். ஆனால் அடைத்த கொட்டகைக்குள் போட்டால் குதிரைக்கு நுரையீரல் கெட்டு இளைப்பு வரும், வெளியே காற்று வருகிற பக்கம் போடுங்கள். புண்ணைத் திறந்து விடாதீர்கள். ஈ உட்கார்ந்தால் சில புழுக்குட்டிகளை அதில் விட்டுப் புண் சதை வளர்ந்து ஆறாமல் நிற்கும்.

அரிப்பு அடங்கியதும் கடி தானாக நிற்கும் என்று எதிர்பார்த்தேன், நிற்கவில்லை. வலி போன பிறகும் வலிக்குமோ என்ற பயம் அதற்கு இருந்தது, எனக்கும் இருந்தது. பெரியவர் சொன்னபடி செய்தோம். கையால் வெல்லமோ கேரட்டோ கொடுப்பதை அடியோடு நிறுத்தி, எதையும் தொட்டியில்தான் போட்டோம், வந்துபோகிற பிள்ளைகளையும் அப்படியே போடச் சொன்னோம். உள்ளங்கையில் தின்று பழகிய குதிரை கையைத் தேடும், கிடைக்காவிட்டால் கவ்வும். குதிரைக்குத் தன் மூக்குக்கு நேர் கீழே இருப்பது கண்ணுக்குத் தெரியாது, உதட்டாலும் மீசை மயிராலும் தடவித்தான் பார்க்கும், அதனால் நேர் முன்னால் போய் நின்று மூக்கைத் தடவக் கூடாது. தோள் ஓரமாக, அதன் பார்வையில் படும்படி, பேசிக்கொண்டே போக வேண்டும். இழுத்தால் அவிழும் முடிச்சுப் போட்டுக் கட்டுவேன். ஒரு கை தலைக்கயிற்றின் வளையத்துக்குப் பக்கத்தில், இன்னொரு கையில் மெல்லிய துணி. வலி இல்லாத கழுத்தில் தொடங்கி, காது பின்னால் போகிற நொடிக்கு முன்னாலேயே கையை எடுத்துவிட்டுக் கொஞ்சம் நிற்பேன். கடித்த பிறகு கையை எடுத்தால், கடித்தால் கை போகும் என்று கற்றுக்கொள்ளும். காது மடியும் முன்பே எடுத்தால், அமைதியாக நின்றால் போதும் என்று கற்றுக்கொள்ளும். வயிற்றுப் பட்டை வரைக்கும் கை போக ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. அதுவரைக்கும் சேணம் பரணில்தான் கிடந்தது.

பூச்சி எதுவும் இல்லாமல் பட்டை இறுக்கும்போது கடிக்கிற குதிரையும் உண்டு. அதற்கு இரைப்பைப் புண் இருக்கலாம். காலை மாலை அடர்தீவனம் மட்டும் போட்டு நடுவில் பல மணி நேரம் வெறும் வயிற்றில் கட்டிவைத்தால் வரும், அடிக்கடி புல்லோ சோளத்தட்டோ போட வேண்டும். கடிவாளம் மாட்டும்போது மட்டும் முரண்டுபிடித்தால் கடைவாய்ப் பல்லின் கூர்முனையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆண் குட்டி விளையாட்டாகக் கடிப்பதும், பொலிக்குதிரையின் குணமும் தனிக் கதை, அதற்கு அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எனக்குச் சேணம், பழக்கினவர் கூலி, வைத்தியம், மின்விசிறி எல்லாம் சேர்த்து 60,000-க்கு மேல் போனது. அதில் உண்மையாகவே தேவைப்பட்டது வைத்தியமும் போர்வையும் மின்விசிறியும்தான். இந்த ஆடிக்கு அந்தியூருக்கோ வேறு சந்தைக்கோ போகிறவர்கள் சுழி பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே பின்னலை அவிழ்க்கச் சொல்லி வால் அடியைப் பாருங்கள். பிடரி ஒட்டக் கத்தரித்திருந்தால் ஏன் என்று கேட்டு, தோலை விரலால் கிள்ளித் தடிப்பைப் பாருங்கள். அடிவயிற்றின் நடுக்கோட்டில் கையை ஓட்டும்போது கண்ணைக் காதின் மேல் வையுங்கள். முடிந்தால் பொழுது சாயும் நேரத்தில் இன்னொரு தடவை போய், தூணிலோ வண்டியிலோ தேய்க்கிறதா என்று பாருங்கள். இவ்வளவும் தெரிந்தே அந்தக் குதிரைமேல் மனசு போய்விட்டால் தாராளமாக வாங்குங்கள். வருஷா வருஷம் மழைக்காலத்தில் ஆகிற செலவை விலையிலேயே குறைத்துக் கேளுங்கள், குட்டி எடுக்கலாம் என்று வியாபாரி சொல்கிற கணக்கை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.